பதில் சொல்லும் மணி: நாஷ்வில் பைசென்டெனியல் மால் பூங்கா, ஒரு மதிப்புரை

"மால்" என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி கைப்பையில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நாஷ்வில் நகரிலுள்ள பைசென்டெனியல் கேபிடல் மால் என்பது கடைகள் அடுக்கிய கட்டடம் அல்ல, டென்னசி மாநிலம் தன் இருநூறாவது ஆண்டு நிறைவுக்காக அமைத்துக்கொண்ட பூங்கா என்று மகள் விளக்கியதும் அவருக்குச் சற்றே ஏமாற்றம். எனக்கோ அந்த விளக்கத்துக்குப் பிறகுதான் ஆர்வம் பிறந்தது. ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு கல்லூரியின் நூற்றாண்டு விழாக் குழுவுக்கு எழுத்தராக இரண்டாண்டு உழைத்தவன் நான். ஊர்ப் பெரியவர்கள் இருபது பேர் கூடிப் பேசி, நன்கொடை திரட்டி, வளைவு கட்டி, பொன்னாடை போர்த்தி முடித்த அந்த விழாவில் மிஞ்சியவை வாசலில் ஒரு கல்வெட்டும், எவரும் வாங்காமல் பரணில் கிடந்து கரையான் தின்ற விழா மலர்க் கட்டுகளுமே. ஆகவே எந்த ஆண்டு விழாக் குழுவைப் பற்றிக் கேட்டாலும், அது கலைந்து போன பிறகு அந்த ஊருக்கு என்ன மிச்சம் என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். இந்த மதிப்புரையும் அந்தக் கண்ணோடு எழுதியதுதான்.

டென்னசி 1796 ஜூன் 1 அன்று அமெரிக்க ஒன்றியத்தின் 16ஆவது மாநிலமாயிற்று. அதே ஜூன் 1 அன்று, சரியாக இருநூறு ஆண்டுகள் கழித்து 1996இல் இந்தப் பூங்கா திறக்கப்பட்டது. திட்டத்துக்கு அரசியல் பலம் தந்தவர் 1987 முதல் 1995 வரை ஆளுநராக இருந்த நெட் மெக்வொர்ட்டர். திறப்பு விழா நடந்தபோது பதவியில் இருந்தவர் அவருக்கு அடுத்து வந்த, எதிர்க்கட்சியைச் சேர்ந்த டான் சண்ட்குவிஸ்ட். ஒருவர் தொடங்கியதை மற்றவர் கிடப்பில் போடாமல் முடித்துத் திறந்தார் என்பதே நம் ஊர்க்காரர்களுக்குச் சற்று வியப்பான செய்திதான். மாநிலம் தழுவிய இருநூறாண்டுக் கொண்டாட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் மார்த்தா இங்ரம். நாஷ்வில்லில் 1980இல் திறக்கப்பட்ட நிகழ்த்து கலை மையத்துக்காகப் பல ஆண்டுகள் போராடிய கலைப் புரவலர் அவர். கணவர் 1995இல் மறைந்த பிறகு குடும்பத்தின் பெருந்தொழில் நிறுவனத்தையும் ஏற்று நடத்தியவர்.

இத்தகைய குழுக்களின் அமைப்பு அமெரிக்க மாநிலங்களில் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆளுநரும் சட்டமன்றத் தலைவர்களும் உறுப்பினர்களை நியமிப்பார்கள். தொழிலதிபர், வரலாற்றுப் பேராசிரியர், முன்னாள் பிரதிநிதி, நூலகர், நன்கொடை திரட்டத் தெரிந்த ஒருவர் என்று பல வகையினரும் இருப்பார்கள். பெரும்பாலும் சம்பளம் இராது. சொந்தமாகத் துறையோ ஊழியர் படையோ இல்லாத இந்தக் குழு, மற்றவர்களைக் கேட்டுக் கேட்டே காரியம் சாதிக்க வேண்டும். 2026 ஜூலை 4 அன்று அமெரிக்கா எட்டும் 250ஆவது ஆண்டுக்கென நாடாளுமன்றம் 2016இலேயே சட்டம் இயற்றி ஓர் ஆணையத்தை அமைத்தது. மாநிலங்களிலும் அதையொட்டித் தனித்தனிக் குழுக்கள் அமைந்தன. அவற்றில் உட்கார்ந்திருப்பவர்கள் யாரேனும் ஒருநாள் ஒதுக்கி இந்தப் பூங்காவைச் சுற்றிப் பார்த்தால் நல்லது.

பூங்காவுக்குத் தென்புறத்திலிருந்து, அதாவது ஜேம்ஸ் ராபர்ட்சன் பார்க்வே என்ற சாலைப் பக்கமிருந்து நுழைவதே சரியான வழி. நுழைந்ததும் காலடியில் விரிவது டென்னசி மாநிலத்தின் கருங்கல் வரைபடம். நீளம் 200 அடி. மாநிலத்தின் கிழக்கு மேற்கு நீளம் சுமார் 440 மைல் என்பதால், இந்தக் கல்லில் ஓரடி என்பது நிலத்தில் இரண்டு மைலுக்கு மேல். மேற்கு எல்லையில், மிசிசிப்பி ஆற்றங்கரை மெம்பிஸில் நின்று நிதானமாக அடியெடுத்து வைத்தால் நாற்பது எட்டுக்குள் நாஷ்வில் வந்துவிடும். காரில் அதற்கு மூன்று மணி நேரம் பிடித்தது என்று மாப்பிள்ளை சொன்னார். ஆறுகள், நெடுஞ்சாலைகள், நம் மாவட்டம் போன்ற கவுன்ட்டிகளின் எல்லைகள் எல்லாம் கல்லிலேயே பதிக்கப்பட்டிருக்கின்றன. நான் நின்றிருந்தபோது ஒரு முதியவர் வரைபடத்தின் கிழக்கு மூலையில் குனிந்து, தன் கைத்தடியின் நுனியை ஓரிடத்தில் ஊன்றி, பேத்தியை அழைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த வரைபடத்தில் கைத்தடியை ஊன்ற முடியாது என்பதை மட்டும் நினைத்துக்கொண்டேன்.

வரைபடத்தைத் தாண்டியதும் தலைக்கு மேலே சரக்கு ரயில் ஓடும் இரும்புப் பாலம் குறுக்கிடுகிறது. வாஷிங்டன் நகரின் நேஷனல் மாலை மனத்தில் வைத்து வரையப்பட்ட நேர்கோட்டுப் பூங்காவின் குறுக்கே, யாரும் கேட்காமல் வந்து நிற்கும் ரயில் பாலம் என்றால் எந்தக் கட்டடக் கலைஞருக்கும் தலைவலிதான். டக் ஹின்டன் நிறுவனத்தார் அதை மறைக்கப் பார்க்கவில்லை. ஊருக்குள் நுழையும் தோரணவாயில்போல் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் கல் பாவிய முற்றம், அந்தப் பக்கம் புல்வெளி. பெட்டிகள் கடகடவென்று நீண்ட நேரம் ஓடும்போது பேச்சு நின்றுவிடும். எங்கள் பேரன் பெட்டிகளை எண்ணத் தொடங்கி எழுபதில் தவறவிட்டான்.

பாலத்தை அடுத்து 31 நீரூற்றுகள், மாநிலத்தின் முக்கியமான 31 ஆறுகளுக்கு ஒவ்வொன்றாக. தரையிலிருந்து நேராகப் பீறிட்டு எழும் இந்த ஊற்றுகளுக்கு வேலியோ தொட்டியோ கிடையாது. கோடையில் பிள்ளைகள் உடையோடு இறங்கிவிடுகிறார்கள். மாற்றுடையும் துண்டும் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதுதான் இங்கே நான் தரும் மிக முக்கியமான நடைமுறை அறிவுரை. ஆறுகளின் பெயரைப் பாடம்போல் பலகையில் எழுதி வைத்திருந்தால் எந்தப் பிள்ளையும் ஏறிட்டுப் பார்த்திராது. இப்போதும் பெயர்களை யாரும் மனப்பாடம் செய்வதில்லைதான். ஆனால் "நான் கம்பர்லேண்டில் குளித்தேன்" என்று பேரன் வீட்டில் வந்து சொன்னான். குழுக் கூட்டத்தில் இந்த யோசனையைச் சொன்னவர் எவரோ, அவர் பிள்ளை வளர்த்தவராக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் தண்ணீர் என்பது வெறும் அலங்காரமும் அல்ல. மாநிலச் சட்டமன்றக் கட்டடமான கேபிடல் நிற்கும் குன்றின் வடக்கே கிடக்கும் இந்தத் தாழ்நிலம் ஒரு காலத்தில் உப்பும் கந்தகமும் ஊறிய சதுப்பு. உப்பு நக்க வந்த காட்டெருமைகளையும் மான்களையும் தேடி வேட்டைக்காரர்கள் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து பிரெஞ்சு வணிகர்கள் வந்தார்கள். 'பிரெஞ்சு லிக்' ('லிக்' என்றால் உப்பு நக்கும் இடம்) என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஜேம்ஸ் ராபர்ட்சன் 1779இல் குடியேற்றத்துக்கு இதைத் தேர்ந்ததும் அந்த நீர்வளத்தால்தான். பின்னர் 'சல்ஃபர் டெல்' என்ற பெயரில் பேஸ்பால் மைதானமாகவும் இது இருந்தது. 1963 வரை அங்கே ஆட்டம் நடந்தது. 2015இல் அதே பகுதியில் புதிய பேஸ்பால் அரங்கமும் வந்துவிட்டது. அடிக்கடி வெள்ளம் சூழும் பள்ளம் என்பதால் பெரிய கட்டடங்கள் எழவில்லை. இந்தப் பூங்காவின் உயிரே அந்தக் குறையில்தான் இருக்கிறது. வில்லியம் ஸ்ட்ரிக்லண்ட் வடிவமைத்து 1859இல் முடிந்த கேபிடல் கட்டடத்தைத் தெற்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் அலுவலகக் கோபுரங்கள் சூழ்ந்து மறைத்துவிட்டன. வடக்கே மட்டும்தான் மிச்சம் இருந்தது. இருநூறாண்டு விழாவைச் சாக்காக வைத்து அந்தக் காட்சியை அரசு நிலமாக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள். புல்வெளியின் நடுவில் நின்று தெற்கே திரும்பினால், பாலத்துக்கு மேலே குன்றும், குன்றின் மேலே கோபுரமும் தடையின்றித் தெரிகின்றன. ஒரு விழாக் குழு ஒன்றையும் கட்டாமல், கட்ட விடாமல் தடுத்ததையே தன் மிகப் பெரிய சாதனையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் அதே குன்றின் அடிவாரத்தில் இருந்த வேறொன்று காப்பாற்றப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேபிடலைச் சுற்றி ஏழைகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், நெருக்கமாக வாழ்ந்த குடியிருப்புகள் இருந்தன. 'நரகத்தின் அரை ஏக்கர்' என்பது அதற்கு ஊரார் வைத்த பெயர். 1950களில் ஒன்றிய அரசின் நகர்ப்புற மறுசீரமைப்புப் பணத்தில் அவை இடித்து அகற்றப்பட்டன. பூங்காவுக்குத் தென்னெல்லையாக உள்ள ஜேம்ஸ் ராபர்ட்சன் பார்க்வேயே அந்த இடிப்பின் விளைவாக வந்த சாலைதான். பூங்காவுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் அந்தச் சாலையோரம் கால் வைத்துத்தான் நுழைகிறார்கள்.

மேற்குப் பக்கம் நெடுக ஓடுவது 1,400 அடி நீள வரலாற்றுச் சுவர். பத்தாண்டுக்கு ஒரு தூண் நட்டு, நிகழ்வுகளைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இரு நூற்றாண்டுகளை நடந்தே கடக்கலாம். உள்நாட்டுப் போரை எட்டும்போது சுவர் உடைந்து பிளந்து நிற்கிறது. சிதைந்துவிட்டதோ என்று முதலில் தோன்றும். அருகே சென்றால்தான் அது வேண்டுமென்றே செய்தது என்று புரிகிறது. டென்னசிக்கு அது பொருத்தமான உருவகம். தென் மாநிலங்களில் கடைசியாக, 1861 ஜூனில் ஒன்றியத்தை விட்டு விலகியதும் இந்த மாநிலம்தான். 1866இல் முதலாவதாகத் திரும்பிச் சேர்ந்ததும் இதுதான். கிழக்குப் பகுதி மலைநாட்டார் பெரும்பாலும் ஒன்றியத்தின் பக்கம் நின்றார்கள், மேற்கும் நடுப்பகுதியும் எதிர்ப்பக்கம் நின்றன. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு படையிலும் தம்பி மறு படையிலும் சேர்ந்த ஊர்களும் உண்டு. எழுத்தாலன்றி உடைப்பால் அதைச் சொன்னது இந்தச் சுவரின் ஆகச் சிறந்த பகுதி.

மற்ற இடங்களில் இந்தச் சுவரைப் பற்றி எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. கல்லில் பொறிக்கும் வரலாறு சுருக்கமாகத்தான் இருக்க முடியும். குழுவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட வரலாறு அதைவிடவும் மெலிந்துதான் வரும். செரோக்கி மக்களை 1838இல் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்து மேற்கே விரட்டிய கண்ணீர்ப் பாதை இந்த மாநிலத்தின் குறுக்கேதான் சென்றது. அதை ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையில் கடந்துவிட முடிவது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. மேலும் 1796இல் தொடங்கும் எந்தச் சுவரும், அதற்கு முன் ஆயிரமாயிரம் ஆண்டுகள் இங்கே வாழ்ந்தவர்களை வெளியே நிறுத்திவிடத்தான் செய்யும். என் எழுத்தர் அனுபவத்தில் சொல்கிறேன்: விழா மலரில் எந்த வரியை விடலாம் என்று ஒருவர் கேட்டால், எப்போதும் கசப்பான வரிதான் முதலில் விடப்படும்.

இதற்கு மருந்து பக்கத்திலேயே இருக்கிறது. பூங்காவின் வடமேற்கு மூலையில், ரோசா பார்க்ஸ் பெயர் தாங்கிய சாலையும் ஜெஃபர்சன் தெருவும் சந்திக்கும் இடத்தில், டென்னசி மாநில அருங்காட்சியகம் 2018 அக்டோபரில் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்டது. அதற்கு முன் நிகழ்த்து கலை மையக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் முப்பதாண்டுகளுக்கு மேல் ஒதுங்கியிருந்த நிறுவனம் அது. சுமார் 16 கோடி டாலர் செலவில், அரசுப் பணமும் நன்கொடையும் சேர்ந்து கட்டியது, அனுமதி இலவசம், திங்கட்கிழமை விடுமுறை. அங்கே கதை முதற்குடி மக்களிடமிருந்து தொடங்குகிறது. சுவர் விட்ட இடைவெளிகளை அருங்காட்சியகம் பொறுமையாக நிரப்புகிறது. ஆகவே முதலில் சுவரைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் அருங்காட்சியகத்துக்குள் போவதே என் பரிந்துரை. புல்வெளியின் நடுப்பகுதி காட்சிக்காகவே திறந்து விடப்பட்டிருப்பதால் அங்கே நிழலுக்கு வழியில்லை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பத்து மணிக்கு மேல் முதியவர்களை அங்கே நடத்திச் செல்வது நல்லதல்ல.

சுவரை ஒட்டியே இரண்டாம் உலகப் போர் நினைவிடம். ஏறத்தாழ 18,000 பவுண்டு எடையுள்ள கருங்கல் உருண்டை, அடியிலிருந்து வரும் நீரழுத்தத்தால் மட்டுமே தூக்கப்பட்டுச் சுழல்கிறது. அந்தப் போர்க்கால உலகம் அதன் மேல் செதுக்கப்பட்டிருக்கிறது. எட்டு டன்னுக்கு மேல் எடையுள்ள கல், சிறுவன் ஒருவன் உள்ளங்கையை வைத்துத் தள்ளியபோது திசை மாறியதைப் பார்த்தேன். அதன்மேல் இந்தியப் பெருங்கடலைத் தேடிக் கண்டுபிடித்து, இலங்கையில் கை வைப்பதற்குள் அது ஈரமாக நழுவிப் போய்விட்டது.

கிழக்குப் பக்கம் கவுன்ட்டிகளின் நடைபாதை. மாநிலத்தின் 95 கவுன்ட்டிகளும் தத்தம் காலப்பேழையை இங்கே புதைத்திருக்கின்றன. அவற்றைத் திறக்க வேண்டிய ஆண்டு 2096. அந்தந்த வட்டாரத்துச் செடிகொடிகளை வரிசையாக நட்டிருப்பதால், மேற்கின் ஆற்றுச் சமவெளியிலிருந்து கிழக்கின் மலைத்தொடர் வரை மரஞ்செடிகள் மாறிக்கொண்டே போகின்றன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்கள் தொகையில் மெம்பிஸைக் கொண்ட ஷெல்பி கவுன்ட்டி எங்கே, மலையடிவாரத்துச் சிறு கவுன்ட்டிகள் எங்கே! இருந்தும் இந்த நடைபாதையில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம்தான். இத்தகைய குழுக்களில் நடக்கும் மிகப் பெரிய சண்டையே தலைநகரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்ற அச்சத்தில்தான் பிறக்கும். டென்னசியிலோ கிழக்கு, நடு, மேற்கு என்ற முப்பெரும் பிரிவுகள் சட்டத்திலேயே இடம்பெற்றவை, மாநிலக் கொடியின் மூன்று நட்சத்திரங்களும் அவற்றைத்தான் குறிக்கின்றன. அந்தச் சண்டையைத் தவிர்க்கக் குழு கண்ட வழி இந்தச் சம பங்கு.

மற்ற மாநிலங்கள் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கின்றன. 2003இல் இருநூறைக் கண்ட ஓஹியோ, தன் 88 கவுன்ட்டிகளிலும் சாலையோரக் களஞ்சியம் ஒன்றில் விழாச் சின்னத்தை வரையச் செய்தது. ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஒரு மணியை அந்தந்த ஊரிலேயே மக்கள் முன்னிலையில் வார்த்துக் கொடுத்தது. 2016இல் இந்தியானா 92 கவுன்ட்டிகள் வழியாகவும் ஐந்து வாரம் தீபம் ஏந்தி ஓடியது. அந்த மாநில ஆணையத்தின் இணைத் தலைவர்களுள் ஒருவர் முப்பத்து நான்காண்டுகள் நாடாளுமன்றத்தில் இருந்த லீ ஹாமில்டன். தீப ஓட்டம் ஓடியவர்களின் நினைவில் தங்கும். களஞ்சியச் சுவரின் வண்ணம் மழையில் வெளுக்கும். இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பதாண்டு கழித்து வரும் என்னைப் போன்ற வழிப்போக்கனுக்கு அவற்றில் பங்கில்லை.

இதே நாஷ்வில்லில் நூறாண்டு முன்பு கூடிய விழாக் குழு விட்டுச் சென்றதையும் மறுநாள் பார்த்தேன். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் மதிப்புரை முழுமையாகாது. டென்னசியின் நூற்றாண்டு 1896இல் வந்தது. ஏற்பாடுகள் முடியாததால் பெருங்கண்காட்சி ஓராண்டு தள்ளி, 1897 மே 1 அன்றுதான் திறந்தது. அதிபர் மெக்கின்லி வாஷிங்டனில் இருந்தபடியே பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்தார். கண்காட்சியின் தலைவர் ஜான் டபிள்யூ. தாமஸ், தலைமை இயக்குநர் யூஜின் லூயிஸ். இருவருமே நாஷ்வில், சட்டனூகா அண்ட் செயின்ட் லூயிஸ் ரயில்வேக்காரர்கள். கூட்டம் வந்தால் தண்டவாளத்துக்கும் வருமானம் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆறு மாதத்தில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் வந்தார்கள். பெண்களுக்கென ஒரு கட்டடம், கறுப்பினத்தவருக்கென ஒரு தனிக் கட்டடம் என்று அக்காலத்து மேன்மையும் சிறுமையும் ஒரே வளாகத்தில் நின்றன. 'தெற்கின் ஏதென்ஸ்' என்ற பட்டப்பெயரை வைத்துக்கொண்டிருந்த நகரம், கலைக்கூடத்துக்காக ஏதென்ஸின் பழங்காலக் கோயிலான பார்த்தெனானை அதே அளவில் எழுப்பியது. மெம்பிஸ்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா? எகிப்திய மெம்பிஸின் பெயரைத் தாங்கிய ஊர் என்று பிரமிடு கட்டினார்கள்.

கண்காட்சி முடிந்ததும் எல்லாம் இடிபட்டன. சாந்து பூசிய தற்காலிகக் கட்டடமான பார்த்தெனானை மட்டும் இடிக்க ஊரார் மனம் ஒப்பவில்லை. அது உதிரத் தொடங்கியதும் 1920இல் கான்கிரீட்டில் திரும்பக் கட்டத் தொடங்கி 1931இல் முடித்தார்கள். உள்ளே ஏறத்தாழ 42 அடி உயரத்தில், கிரேக்கப் பெண் தெய்வமான ஏதீனாவின் சிலை 1990இல் வந்தது, 2002இல் அதற்குப் பொன் பூசினார்கள். கீழ்த்தளத்தில் ஜேம்ஸ் கவன் கொடையாக அளித்த 63 அமெரிக்க ஓவியங்கள் உள்ளன. நுழைவுக் கட்டணம் உண்டு. ஏதீனாவின் முன்னே நின்றபோது, கருவறை வாசலில் நிற்பவரைப்போல் என் மனைவி தம்மையறியாமல் கைகூப்பினார். பிறகு சுற்றிலும் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அழகில், அசரவைப்பதில் பார்த்தெனான்தான் உயர்வு. ஆனால் அதைக் காப்பாற்றியவர்கள் ஊர் மக்கள். குழுவின் திட்டத்தில் அது நிலைக்க வேண்டிய கட்டடமே அல்ல. 1996இன் குழு, தான் விட்டுச்செல்வது என்ன என்பதைத் தெரிந்து, அதற்கு மாநிலப் பூங்காத் துறை என்ற நிரந்தர உரிமையாளரையும் ஏற்பாடு செய்துவிட்டுக் கலைந்தது. அதனால் பூங்காவில் இன்றும் புல் வெட்டப்படுகிறது, காவலர் வருகிறார், நுழைவுக் கட்டணம் இல்லை. அந்த வகையில் என் மதிப்பெண்: பூங்காவுக்கு ஐந்துக்கு நாலரை, சுவரின் எழுத்துக்காக அரை குறைத்தது. பார்த்தெனானுக்கு மதிப்பெண் போட மனைவி விடவில்லை.

ஒரு சிறு தகவல் மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். தாமஸின் ரயில்வே 1957இல் லூயிவில் அண்ட் நாஷ்வில் நிறுவனத்தில் கரைந்தது, அது பின்னாளில் சிஎஸ்எக்ஸ் ஆயிற்று. பைசென்டெனியல் மாலின் குறுக்கே பாலத்தில் ஓடுவதும் சிஎஸ்எக்ஸ் ரயில்தான். முதல் விழாவை நடத்தியவர்களின் வாரிசு, இரண்டாம் விழாவின் நினைவிடத்தில் இன்னும் இரைச்சல் போட்டுக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. பூங்காவின் மேற்கு ஓரத்தை ஒட்டியே நாஷ்வில் உழவர் சந்தை. 1990களின் நடுவிலிருந்து இந்த இடத்தில் இயங்குகிறது. காய்கறிக் கொட்டகைகளோடு, பல நாட்டுச் சமையல்கள் கிடைக்கும் உணவுக் கூடமும் உண்டு. கோடையில் வருபவர்கள் தக்காளியை மட்டுமாவது வாங்காமல் திரும்பக் கூடாது. நாங்கள் வாங்கிய வெண்டைக்காய் முற்றாமல், நுனியை ஒடித்தால் 'டக்'கென்று ஒடிந்தது. அதை வைத்து அன்றிரவு வீட்டில் புளிக்குழம்பு.

கடைசியாக மணிகள். பூங்காவின் வட முனையில், சிவப்பு, வெள்ளை, நீலக் கற்களால் பாவிய முந்நட்சத்திர முற்றத்தைச் சுற்றி உயரமான தூண்கள் நிற்கின்றன. அவற்றில் 95 மணிகள், 95 கவுன்ட்டி மக்களுக்கும் ஒவ்வொன்றாக. 96ஆவது மணி இங்கே இல்லை. தெற்கே, குன்றின் மேல், கேபிடல் வளாகத்தில் இருக்கிறது. மணிக்கொரு முறை கீழே உள்ள 95 மணிகளும் இசைத்து முடித்ததும், மேலே உள்ள அந்த ஒற்றை மணி பதில் ஒலிக்க வேண்டும். மக்கள் கேட்க, அரசு பதில் சொல்ல வேண்டும் என்பது பொருள். அதன் பெயரே பதில் மணி. நம்மூரில் மன்னன் வாசலில் கட்டிய ஆராய்ச்சி மணியை அடித்தது பசு. பதில் சொல்ல எழுந்து வந்தவன் அரசன். இங்கே அந்தப் பதிலுக்கும் ஒரு மணியைக் கட்டிவிட்டார்கள்.

முதல் நாள் நாங்கள் தூண்களுக்கு நடுவிலேயே நின்றோம். 95 மணிகளின் கார்வை அடங்கி முடியும் முன்பே பிள்ளைகளின் கூச்சல் தொடங்கிவிட்டதால், பதில் வந்ததா என்பது தெரியவில்லை. இரண்டாம் முறை புல்வெளியின் பாதி வரை நடந்து சென்று, வாரநாள் காலை ஒன்பது மணிக்குக் காத்திருந்தேன். கீழே இசை முடிந்தது. சற்று இடைவெளி. பிறகு தெற்கிலிருந்து ஒரே ஓர் ஒலி, மெல்லியதாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் வந்தது. கேட்க விரும்புகிறவர்கள் நிற்க வேண்டிய இடம் அதுதான்: நீரூற்றுகளுக்கும் முற்றத்துக்கும் நடுவே, கேபிடலைப் பார்த்தபடி, சரக்கு ரயில் வராத நேரத்தில்.